சகலை போட்ட உடுப்பு

இண்டூருக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற அந்த சேகோ மில்லில் சவுரியப்பனைத் தெரியாதவர்கள் இல்லை. நல்ல மனுஷன். குடிப்பதில்லை, வீண் வம்புக்குப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடுவதில்லை. ஒரே ஒரு கோளாறு. பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலையில் விழுந்த கறித்துண்டு தன் இலையில் விழுந்ததைவிடப் பெரிதாகத்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். எடை போட்டுக் காட்டினாலும் நம்பமாட்டான். இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஐம்பது வயதுவரை பெரிய சிக்கல் எதிலும் மாட்டாமல் வந்தது அவன் மனைவி ராயம்மாள் செய்த புண்ணியம் என்றுதான் சொல்லவேண்டும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்கு வந்தவன் அவன். அப்போது முதலாளி நூர் பாஷா. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரியில் வந்து இறங்கும். பெண்கள் தோல் சீவிப் போட, கழுவி அரவை எந்திரத்தில் கொட்டினால் மாவுப்பாலாக மறுபக்கம் ஓடும். அந்த எந்திரத்தைச் சுழற்றுகிற பெல்ட்டுகள்தான் சவுரியப்பனின் ராஜ்யம். பெல்ட் தளர்ந்தால் ஒரு சத்தம், பேரிங் காய்ந்தால் ஒரு சத்தம், எல்லாம் அவன் காதுக்கு அத்துப்படி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டின் இடுக்கில் கையை விட்டு எண்ணெய் ஊற்றிவிட்டு சாவகாசமாக வெளியே வருவான். பார்க்கிறவர்கள் ‘ஐயோ’ என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

அருள்நாதன் அவனுடைய சகலை. ராயம்மாளின் தங்கை அருள்ராணியைக் கட்டியவன். வேலை தேடி ஓசூருக்கும் திருப்பூருக்கும் அலைந்துகொண்டிருந்தவனைக் கூட்டிவந்து மில்லில் சேர்த்துவிட்டதே சவுரியப்பன்தான். ‘என் சகலைங்க, பையன் தங்கம்’ என்று நூர் பாஷாவிடம் வாயாரச் சொன்னான். தங்கம் தன் கைக்கு அடக்கமாக இருக்கும்வரை அவனுக்கும் தங்கத்தைப் பிடித்திருந்தது. இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீடு. அக்கா தங்கச்சி இரண்டு பேரும் துணி காயப்போடுகிற கொடிகூட ஒன்றுதான்.

நூர் பாஷா பக்கவாதம் வந்து படுத்ததும், பெங்களூரில் இருந்த மகள் மெஹ்ஜபீன் வந்து மில்லை ஏற்றுக்கொண்டாள். அவள் வந்த கொஞ்ச நாளில் தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் வந்தார். மில்லைச் சுற்றிப் பார்த்தவர் அரவை எந்திரத்துக்கு முன்னால் நின்றார். திறந்தபடி ஓடுகிற பெல்ட்டைப் பார்த்தார். பெல்ட்டுக்குப் பக்கத்தில் காற்றில் ஆடுகிற சவுரியப்பனின் லுங்கியைப் பார்த்தார். அப்புறம் மெஹ்ஜபீன் பக்கம் திரும்பினார்.

“மேடம், மறைப்பு இல்லாம பெல்ட்டு ஓடக்கூடாது. சட்டப்படி அது உங்க பொறுப்பு. எண்ணெய் போட, சரி பார்க்கன்னு கிட்டப் போற ஆளு பயிற்சி எடுத்தவரா இருக்கணும். உடம்போட ஒட்டுன உடுப்பு போட்டிருக்கணும். அந்த உடுப்ப நீங்கதான் வாங்கித் தரணும். மத்த யாரும் கிட்டயே போகக்கூடாது. அப்புறம் முக்கியமா, உள்ள ஆள் இருக்கறப்ப யாரும் மோட்டாரப் போட்டுறாதபடி சுவிட்சுக்குப் பூட்டு வேணும்.”

“செஞ்சிடறோம் சார்” என்றாள் மெஹ்ஜபீன்.

மறுநாள் அவள் முதலில் கூப்பிட்டது சவுரியப்பனைத்தான். இதைப் பிற்பாடு அவன் யாரிடமும் சொன்னதில்லை.

“சவுரியண்ணா, சேலத்துல ட்ரெயினிங் இருக்குது. போயிட்டு வந்தா பேண்ட், சட்டை எல்லாம் டைட்டா போட்டுத்தான் வேலை செய்யணும். போறீங்களா?”

“எனக்கெதுக்கு பாப்பா அதெல்லாம்? இத்தன வருசமா லுங்கியோட செய்யலையா? பேண்ட்டு போட்டாத்தான் பெல்ட்டு ஓடுமா?”

இது மறுப்பே இல்லை. சம்பந்தி வீட்டில் ‘இன்னும் கொஞ்சம் சோறு’ என்று கேட்டால் இலைக்குக் குறுக்கே கையை வைத்து ‘போதுங்க’ என்று சொல்கிறோமே, அந்தப் ‘போதுங்க’ இது. இரண்டாம் முறை கேட்டால் கையைக் கொஞ்சம் நகர்த்துவோம். மூன்றாம் முறை கேட்டால் ‘சரி, உங்க மனசு நோகக்கூடாது’ என்று வாங்கிக்கொள்வோம். கேட்டவுடன் தலையாட்டுகிறவன் சோற்றுக்குச் செத்தவன். சவுரியப்பன் இரண்டாம் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றான். பெங்களூரில் படித்த பெண்ணுக்கு இந்தப் பந்தி மரியாதை தெரியவில்லை. “சரிங்கண்ணா, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அருள்நாதனைக் கூப்பிட்டாள். அவன் கேட்ட மாத்திரத்தில் “போறங்க மேடம்” என்றான்.

சவுரியப்பனுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அருள்நாதன் சேலத்துக்குப் போய்வந்தான். பெல்ட்டுகளைச் சுற்றி மஞ்சள் பெயிண்ட் அடித்த கம்பிக் கூண்டு வந்தது, கதவு வைத்து. உடுப்பும் வந்தது. நல்ல நீலம். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கவ்விப் பிடிக்கும். தொங்குகிற பை கிடையாது, காலர் கிடையாது, முதுகில் மில்லின் பெயர். சட்டப்படி முதலாளி கொடுத்தே ஆகவேண்டிய துணி அது. ஆனால் ஒருவர் கையால் புதுத்துணி வாங்குவதற்கு நம் ஊரில் வேறு அர்த்தம் உண்டு. மாமனார் மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பார். முதலாளி மனசுக்குப் பிடித்தவனுக்கு எடுத்துக் கொடுப்பார். மெஹ்ஜபீன் வேறு, நல்லபடியாகச் செய்வோம் என்று எல்லோரையும் ஆபீசுக்கு முன்னால் நிற்கவைத்து, இனிப்புக் கொடுத்து, உடுப்பை அருள்நாதன் கையில் கொடுத்தாள். மொத்த மில்லும் கை தட்டியது. சவுரியப்பனும் தட்டினான். வயிறு எரிந்தது, கை தட்டியது.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக ஆகிவிட்டது என்று அவன் ராயம்மாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். நேற்று வந்தவன் கூண்டுக்குள் போகிறான், இத்தனை வருஷம் அந்தப் பெல்ட்டோடு வாழ்ந்தவன் மூட்டை தூக்குகிறான். பேரிங் கத்துவது முதலில் இவன் காதில்தான் விழும். ஆனால் போய் அருள்நாதனிடம் சொல்லவேண்டும். சொல்லாமல் இரண்டு மூன்று தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் பார்த்தான். கத்துகிற பேரிங்கை அருள்நாதன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். அது இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. கொடியில் ராயம்மாளின் புடவைக்குப் பக்கத்தில் அந்த நீலச் சட்டை கையை விரித்துக்கொண்டு தொங்கும். மாமனார் ஊரில் தேர்த் திருவிழா வந்தது. வழக்கமாக வாசலில் கால் வைத்ததும் “வாங்க பெரிய மாப்ள” என்று இவனைத்தான் மாமனார் முதலில் வரவேற்பார். அந்த வருஷம் அருள்நாதனின் தோளைத் தட்டி, “மில்லே உங்க கையிலதான் ஓடுதாமே மாப்ள” என்றார். கோழிக்கால் யார் இலைக்குப் போனது என்று சொல்லவும் வேண்டுமா? அருள்நாதன் தன் இலையிலிருந்து அதை எடுத்து, “அண்ணா, நீங்க சாப்புடுங்க” என்று இவன் இலையில் வைத்தான். கோழிக்கால் கிடைக்காததைவிட, அது இப்படி வந்ததுதான் சவுரியப்பனைக் கொன்றது.

மில்லில் பூட்டு மட்டும் வரவில்லை. பழைய சுவிட்சுப் பெட்டியில் பூட்டுப் போட வசதி கிடையாது. புதுப்பெட்டி மாட்டவேண்டும் என்றால் மில்லை நிறுத்தவேண்டும். கிழங்கு லாரி வரிசைகட்டி நிற்கிற நேரம். “பூட்டு, மேடம்” என்று அருள்நாதன் ஞாபகப்படுத்தினான். “சீசன் முடியட்டும்ணா, முதல் வேலை அதுதான்” என்றாள் மெஹ்ஜபீன். அதுவரைக்கும் அவர்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சுவிட்சுப் பலகை மில்லின் மறுகோடியில். அதைப் பார்த்துக்கொள்கிற மலர்விழிக்கு அங்கிருந்து கூண்டின் உள்பக்கம் தெரியாது, வாசல் பக்கம்தான் தெரியும். அருள்நாதன் வேலை முடிந்து வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வலது கையை உயரத் தூக்குவான். நீல உடுப்பு வெளியே வந்து கை மேலே போனால் மலர்விழி பச்சைப் பொத்தானை அழுத்தலாம். மில்லில் நீல உடுப்பு ஒன்றே ஒன்று. தப்பு எப்படி வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கண் படுவது என்றால் பெருமூச்சு விட்டுக்கொண்டு பார்ப்பது மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சவுரியப்பன் ஒருநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த உடுப்பை உருவி, பைக்குள் சுருட்டிக்கொண்டு, தருமபுரிக்கு பஸ் ஏறினான். அதே நீலத்தில் துணி எடுத்தான். தையற்காரர் ஹபீப் அளவுச் சட்டையை விரித்துப் பார்த்தார்.

“ஏங்க, இவ்ளோ இறுக்கமாவா? மூச்சு வுட வேணாமா?”

“மில்லு உடுப்புங்க. இப்பிடித்தான் இருக்கணும். முதுவுல எழுத்தும் வேணும்.”

சாயங்காலம் பழைய உடுப்பு கொடிக்குத் திரும்பிவிட்டது. புதியது தைத்து வந்ததும் ராயம்மாள் பார்த்துவிட்டாள்.

“அருளு போட்டுக்கறது வேலைக்கு. நீங்க எதுக்குப் போட்டுக்கப் போறீங்க?”

“நானும் அந்த மில்லுலதான் இருக்கறேன். எனக்கு ஒரு உடுப்பு போட உரிம இல்லையா?”

“ஊரு சிரிக்கும்” என்றாள் அவள். அவன் அதை மில்லுக்கு எடுத்துப் போகிற சோற்றுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

அன்றைக்கு மெஹ்ஜபீன் சேலம் போயிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் சவுரியப்பன் சாக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றினான். உடுப்பு அவனுக்குக் கனகச்சிதமாக இருந்தது. பீரோக் கண்ணாடி இல்லாத குறைதான். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, கிழங்கு இறக்குகிறவர்கள் பார்க்கட்டும் என்று, கூண்டின் வாசல் பக்கமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தான். வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் மில்லின் அந்தக் கோடியிலிருந்து மலர்விழியின் குரல் வந்தது.

“அண்ணா, போடட்டுங்களா?”

மலர்விழி அவனை ‘பெருசு’ என்றுதான் கூப்பிடுவாள். ‘அண்ணா’ அருள்நாதனுக்கு மட்டும். அந்த ‘அண்ணா’ காதில் விழுந்ததும் சவுரியப்பனுக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை குளிர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் முகம் தெரிந்துவிடும். திரும்பவில்லை. அருள்நாதன் எப்படித் தூக்குவானோ அப்படியே, முழங்கை மடங்காமல், வலது கையை உயரத் தூக்கினான்.

அந்த நொடியில் கூண்டுக்குள்ளிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. எது நிஜம் என்று அவனுக்கே இன்றுவரை தெரியாது. சாப்பாட்டு இடைவேளையில் பெல்ட்டை இழுத்துக் கட்டலாம் என்று அருள்நாதன் உள்ளே போயிருந்தான். மலர்விழியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் வெளியே வருவதற்காகத்தான் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மோட்டார் உறுமியது. அதற்கு மேலே ஓர் அலறல் கேட்டது.

மலர்விழி சிவப்புப் பொத்தானை அடித்தாள். எல்லோரும் கூண்டைப் பார்த்து ஓடினார்கள். ஒருத்தன் மட்டும் எதிர்ப்பக்கம், சாக்கு அறைக்கு ஓடினான். உடுப்பைக் கழற்றி அடுக்கின் அடியில் சொருகிவிட்டு, லுங்கியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான். அருள்நாதனைக் கைக்குழந்தையை அள்ளுவதுபோல் அள்ளிக்கொண்டு வேனில் ஏறினான். தருமபுரி போகிறவரைக்கும் துண்டால் சுற்றிய அந்தக் கையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். “கூடப் பொறந்தவன்கூட இப்பிடிப் பார்க்கமாட்டான்” என்று வேன் டிரைவர் எல்லோரிடமும் சொன்னான்.

வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. தொளதொள சட்டை போட்டிருந்தால் தோளோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மலர்விழி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அண்ணன் வெளிய வந்தாருங்க. கையத் தூக்குனாரு. நான் என் கண்ணால பார்த்தன்.” உள்ளே இருந்தவன் எப்படி வெளியே வந்து கையைத் தூக்குவான்? போன் நோண்டிக்கொண்டு இருந்திருப்பாள் என்றார்கள். வெயிலில் கண் இருட்டியிருக்கும் என்றார்கள். பேய் அடித்துவிட்டது என்றும் ஒருத்தி சொன்னாள். விசாரணை முடிகிறவரைக்கும் வரவேண்டாம் என்று மெஹ்ஜபீன் மலர்விழியை நிறுத்திவிட்டாள். புருஷன் விட்டுப்போன பிறகு இரண்டு பெண்களையும் அந்த வேலையை வைத்துத்தான் அவள் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சவுரியப்பன் சும்மா இருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு மாமனார் வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். “பெரிய மாப்ள இல்லன்னா எம் பொண்ணு கதி என்ன ஆயிருக்கும்” என்று மாமியார் இவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவ்வளவு காலம் ஏங்கின வார்த்தை. அப்புறம் அவள் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டு அருள்நாதனுக்கு ஊட்டினாள். யாரையும் தொட்டுப் பேசாத மாமனார் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு நின்ற சவுரியப்பனுக்குள் அந்த நேரத்திலும் அது வந்தது. ‘எனக்கு டைபாய்டு வந்து கிடந்தப்ப இந்தக் கிழவி எட்டிப் பார்த்தாளா?’

நினைத்த பிறகுதான் நினைத்தது உறைத்தது. சோற்றில் கல்லைக் கடித்தவனைப்போல நின்றுவிட்டான். இரண்டு விரல் போய்ப் படுத்திருப்பவனைப் பார்த்துமா? தன்னைப் பார்த்து அவனுக்கே பயம் வந்தது. இந்தப் பொறாமை இரண்டு விரலோடு நிற்காது என்று பட்டது.

அப்போது வாசலில் மலர்விழி பழப்பையோடு நின்றாள். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

“நீ எதுக்கு வந்த?” என்றாள் அருள்ராணி. “பண்ணது பத்தாதா?”

“அவ மேல தப்பில்ல” என்றான் சவுரியப்பன். “அவ நீல உடுப்பப் பார்த்தது நெசம். கையத் தூக்குனதும் நெசம். போட்டிருந்தது நான். தூக்குனது நான்.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான், கொடியில் உடுப்பை உருவியதிலிருந்து சாக்கு அடுக்குவரை. மாமியாரின் கையில் பிட்ட இட்லி அப்படியே இருந்தது. மலர்விழி பையைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பழி நீங்கியதற்கா, ஆத்திரத்திலா என்று தெரியவில்லை. அருள்நாதன் கட்டுப்போட்ட கையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தான்.

“நான் உள்ள இருக்கறது தெரியுமாங்கண்ணா?”

“ஸ்பேனர் சத்தம் கேட்ட மாதிரி இருந்துது அருளு. கேக்காத மாதிரியும் இருந்துது. எனக்கே புரியல. சாமி சத்தியமாப் புரியல.”

அருள்நாதன் கண்ணை மூடிக்கொண்டான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். சவுரியப்பனுக்கும் அது தெரியும்.

வீட்டில் கொடி இரண்டாயிற்று. அருள்ராணி தன் பக்கம் தனியாக ஒன்று கட்டிக்கொண்டாள். ராயம்மாள் புருஷனுக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். சவுரியப்பன் சாக்கு அடியிலிருந்த உடுப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தான். “நாந்தானுங்க செஞ்சது. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க.” ஜெயில் என்று சொன்னாலும் போயிருப்பான். போனால் தேவலை என்றுகூட இருந்தது.

ஆய்வாளர் உடுப்பைத் தொடக்கூட இல்லை. “நீங்க செஞ்சதுக்கு மில்லுல தனியா விசாரிப்பாங்க. நான் கேக்க வந்தது முதலாளிய. ஒருத்தன் கையத் தூக்குனா இன்னொருத்தன் கை போற மாதிரி மில்லு ஓட்டக்கூடாதுன்னுதான் சட்டம். அந்தச் சுவிட்சுக்குப் பூட்டு இருந்து, சாவி உள்ள போனவரு இடுப்புல இருந்திருந்தா, நீங்க ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஆடியிருக்கலாம். ஒண்ணும் ஆகியிருக்காது.”

மெஹ்ஜபீன் தலை குனிந்து நின்றாள். “நான் தள்ளிப் போட்டதுதாங்க சார். சீசன்னு பார்த்தன்.” அவள்மேல் வழக்கு வந்தது. மறுக்கவில்லை. கிழங்கு லாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, மில்லை நிறுத்திப் புதுப்பெட்டியும் பூட்டும் மாட்டினாள். மலர்விழியின் வீட்டுக்குத் தானே போய் அவளைக் கூட்டிவந்தாள். மில்லுக்குள் விசாரித்து, சவுரியப்பனுக்கு ஒரு மாதம் வேலை இல்லை என்றாள். முதலாளிக்குக் கோர்ட்டு இருந்தது. தன் குற்றத்துக்கு மட்டும் போய் நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லையே என்று அவன் அந்த மாதம் முழுக்கத் திண்டாடினான். முதலாளியைப் பார்த்துக்கூட அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

அருள்நாதன் திரும்பி வந்ததும் எடைமேடையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். கூண்டுக்குள் போக இன்னோர் ஆள் வேண்டும். வெளியூரிலிருந்து யாரையாவது எடுக்கலாமா என்று மெஹ்ஜபீன் அவனிடம் யோசனை கேட்டாள்.

“அண்ணனையே அனுப்புங்க மேடம்” என்றான் அருள்நாதன். “பெல்ட்டு சத்தம் அவருக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. சூடு கண்ட பூனைங்க. இனிமே அவருகிட்ட தப்பு நடக்காது.”

சவுரியப்பன் சேலத்துக்குப் போனான். சொல்லிக்கொடுத்ததை வரி தவறாமல் கேட்டான். திரும்பி வந்த அன்றைக்கு மெஹ்ஜபீன் ஆபீசில் வைத்து அளவெடுத்துத் தைத்த உடுப்பைக் கொடுத்தாள். இனிப்புக் கிடையாது, கைதட்டல் கிடையாது. அவனும் எதிர்பார்க்கவில்லை.

முதல் நாள் பெல்ட்டைப் பார்க்க மோட்டாரை நிறுத்தினான். மலர்விழி ஒதுங்கி நின்றாள். அவன் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூண்டை நோக்கி நடந்தான். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், அருள்நாதன் எடைமேடையிலிருந்து எழுந்து வந்து சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். இடது கையால் பூட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தான். அதோடு விடவில்லை, மறுபடி இழுத்தான். திருப்தியானதும் கையை எடுத்தான்.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். லாரி நின்றாலும் சரி, மழை பெய்தாலும் சரி, சவுரியப்பன் உள்ளே போகும்போதெல்லாம் எழுந்து வந்து பூட்டை இழுத்துப் பார்த்தான். ஒருநாள் சவுரியப்பனால் பொறுக்கமுடியவில்லை.

“நான் பூட்டுனது உனக்கு நம்பிக்க இல்லையா அருளு?”

“உள்ள போறவர நம்பறங்கண்ணா” என்றான் அருள்நாதன். குரலில் கோபம் இல்லை. “வெளிய நிக்கறவங்களத்தான் இப்பெல்லாம் நம்ப முடியல. நீங்க போங்க, நான் நிக்கறேன்.”

சவுரியப்பன் குனிந்து கூண்டுக்குள் போனான். அவன் வேலை முடித்து வெளியே வருகிறவரைக்கும் அருள்நாதன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.